மனத்துக்கு வைத்தியந் தேடுதல் வினைக்கொள்கைக்கு மாறாகுமா?

சைவ வித்தியாசாலையொன்றிலே பல வருடங் கற்பித்து, நோயினாலே சில மாதமாக விடுமுறையில் இருந்த ஆசிரியை ஒருவரைக் காணும்படி நாம் சென்றிருந்தோம். அவருக்கு வயது 35க்கு மேற்படாது. முதலில் ஒரு கண் மங்கிச் சில வாரங்களிலே தெளிந்தது. அடுத்த வருடம் இரண்டு கால்களும் மரத்தன. அதுவும் ஓரளவு நீங்கிற்று. மூன்றாமுறையும் வந்த பின்னரே வைத்தியர்கள் நோயின் பெயரைச் சொன்னார்கள். மல்ரிப்பிள் ஸ்கிளெரோசிஸ் என்பது அதன் பெயர். அவ்வம்மையார் நம்மை நோக்கி, "ஐயா, வைத்தியர் என்னை உளவைத்தியரிடமும் போகச் சொல்லுகிறார். வீட்டிலே, அது வேண்டாம், தேவாரம் ஓதினாற் போதும் என்கிறார்கள். போவது நம்முடைய சமயத்துக்குக் குற்றமாகுமோ?" என்று வினாவினார். நாம் கூறிய விடை யாதெனில், "எல்லாம் முன்செய்த வினை, அம்மா, அநுபவித்துத்தான் தீரவேண்டும்" என்பதே. அவர் சிறிது நேரம் மௌனமாயிருந்து, "வினை என்பது எனக்குந் தெரியும், ஐயா, பிள்ளைகளுக்கு அதை நான் படிப்பித்திருக்கிறேன். நான் கேட்டது வேறு" என்றார்.

அவர் கேட்டது வேறு என்பது உண்மையே. அவர் கேட்டது செய்யத்தக்கது யாதென்பது. நாம் சொன்னது நேர்ந்ததற்குக் காரணம் யாதென்பது. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதை நியாய நூல் சிறிது கற்றவரும் அறிவர். அறிந்திருந்தும் நாம் அவ்வாறு சொன்னதற்குக் காரணம், வேறு சொல்ல அறியாமையும், அவ்வம்மையாரின் கண்ணீரை எதிர்கொள்ள அஞ்சினமையுமேயாம். சித்தாந்தத்தை நாம் நமக்கு ஒரு மறைப்பாகப் பிடித்துக்கொண்டோம். இப்பிழை நம் ஒருவருக்கு மாத்திரம் உரியதன்று எனக் கருதுதலினாலே, இவ்வினாவைச் சைவாசிரியர்களுடைய ஆராய்ச்சிக்கு இங்கே எடுத்துக்கொண்டோம்.

முன்னர் நோயின் தன்மையைக் கூறுவாம். மூளையிலும் முண்ணாணிலும் உள்ள நரம்பிழைகளுக்கு மயலின் என்னும் கொழுப்புறை ஒன்று உண்டு. மின்கம்பிக்குச் சுற்றிய உறை போல்வது அது. உடலைக் கிருமிகளினின்று காத்தற்கு அமைந்த சக்தி, தன்னுடலையே பகையென மயங்கி இவ்வுறையை அரிப்பதனால், நரம்பின் வழிச் செல்லுஞ் செய்தி தடைப்பட்டும் தாமதித்தும் போகின்றது. அரிக்கப்பட்ட இடங்கள் பின்னர்த் தழும்பாகி இறுகும். 1868ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரத்துச் சால்பேத்திரியேர் வைத்தியசாலையில் இருந்த ஷார்க்கோ என்னும் வைத்தியர், இத்தழும்புகளையும் உயிரோடிருந்தபோது நோயாளரிடத்துக் காணப்பட்ட குறிகளையும் இணைத்து, இதனை ஒரு தனிநோயாக நிறுவினார். பல இடங்களில் தழும்பு விழுதல் பற்றி, இக்கட்டுரையிற் பலதழும்பு நோய் என்று வழங்குவாம். பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையிலே தொடங்குவது. ஆடவரினும் பெண்களுக்கே இருமடங்கும் அதற்கு மேலும் வருவது. உலகத்திலே 28 இலட்சம் பேர் இந்நோயுடன் வாழ்கின்றனர் என 2020ஆம் ஆண்டிற் கணக்கிட்டார்கள். பூமத்திய ரேகைக்குத் தூரமான குளிர்நாடுகளிலே மிகுதியும், நம்முடையது போன்ற வெப்பநாடுகளிலே குறைவுமாகக் காணப்படும். குறைவாதலினாலேயே இங்கே அயலாருக்கு இதன் இயல்பு தெரிவதில்லை.

தெரியாமையால் விளையுந் தீங்கு சிறிதன்று. இந்நோயின் பெருந்துன்பங்களுள் ஒன்று களைப்பு. இரவு முழுதும் உறங்கி எழுந்தவரும், மலையேறி வந்தவர் போலத் தளர்வர். அக்களைப்பு முகத்திலே தெரியாது. வெப்பம் ஏறுமிடத்துக் கண் மங்குதலும் கால் தளர்தலும் மிகும். உடலை வருத்தி உழைத்தபின் கண் மங்குதலை 1890ஆம் ஆண்டிலே ஊற்றோஃப் என்னும் செர்மானியக் கண்வைத்தியர் எழுதினார். நம்முடைய வகுப்பறைகளின் நண்பகல் வெப்பத்தை ஆசிரியர்களுக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. காலையிற் கரும்பலகையில் அழகாக எழுதியவர், மத்தியானத்துக்குப் பின் எழுத்துத் தடுமாறி நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாராயின், "காலையில் நன்றாகத்தானே இருந்தார்" என்று உடனாசிரியர்கள் தம்முட் பேசிக்கொள்வார்கள். நோயைத் தாங்குதலினும், நோய் உண்டென்று நம்பச்செய்தல் அவருக்குக் கடினமாகிவிடுகின்றது.

இனி, இந்நோய் மனத்தை எவ்வாறு வருத்துமென்பது. மறுமுறை எப்பொழுது வரும், எந்த உறுப்பிலே வரும், வந்தது போகுமா போகாதா என்பதை வைத்தியருஞ் சொல்லமாட்டார். 1993ஆம் ஆண்டு தொடக்கம் இந்நோயின் வேகத்தைத் தணிக்கும் மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துள்ளன, அவை புதிய தாக்குதல்களைக் குறைப்பன, நோயை வேரறுப்பனவல்ல. இந்நோயாளருள் ஏறக்குறையப் பாதிப்பேர், வாழ்நாளில் ஒருமுறையேனும் மனச்சோர்வு என்னும் நோய்க்கு ஆளாகின்றனர். சாதாரண கவலையை நாம் இங்கே கருதவில்லை. உணவிலும் உறக்கத்திலும் விருப்பிலும் நிலைகுலைந்து, தம்முயிரைத் தாமே மாய்க்கத் துணியும் அளவுக்குச் செல்லும் நோயையே கருதுகின்றோம். இது நோய் வந்ததை நினைந்து வருந்துதலினால் மாத்திரம் உண்டாவதன்று. மூளையிலே விழுந்த தழும்புகளும் இதற்கு ஒரு காரணமாகும். "மனத்தைத் திடப்படுத்திக்கொள்" என்று எளிதாகச் சொல்லுவோர் இதனை ஒருமுறை சிந்திப்பாராக. திடப்படுத்துதற்கு உரிய கருவியே புண்பட்டிருக்கின்றது.

உற்ற நேரத்திலே பேசத்தக்கார் ஒருவரும் இல்லாமையின் கொடுமையை அறிய விரும்புவோர், இங்கிலாந்து தேசத்து பார்பெல்லியன் என்பவருடைய நாட்குறிப்பை நோக்கலாம். புரூஸ் கம்மிங்ஸ் என்பது அவரது இயற்பெயர். 1889ஆம் ஆண்டிலே பிறந்து, தாமே முயன்று உயிர்நூல் கற்று, இலண்டன் மாநகரத்து இயற்கைப்பொருட் காட்சிச்சாலையிற் பூச்சிகளை ஆராயும் பதவி பெற்றவர். 1915ஆம் ஆண்டிலே, யுத்தத்துக்கு ஆட்சேர்க்கும் வைத்தியரிடங் கொடுக்கும்படி அவருடைய வைத்தியர் ஒட்டிய கடிதம் ஒன்றைக் கையளித்தார். சேனைக்கு ஆகார் என்று தள்ளப்பட்டு மீளும்போது, புகைவண்டியிலே அக்கடிதத்தைத் தாமே பிரித்துப் படித்தார். தமக்குப் பலதழும்பு நோய் உண்டென்பதை அவர் அறிந்தது அவ்வாறே. வைத்தியர் அறிந்திருந்தார், உரியவர் அறியவில்லை. அவருடைய மனைவியாரோ திருமணத்துக்கு முன்னமே அதனை அறிந்து, அறிந்தே அவரை மணந்தவர். கணவர் அஞ்சுவாரென மனைவியாரும், மனைவியார் வருந்துவாரெனக் கணவரும், ஒரே செய்தியை ஒருவருக்கொருவர் மறைத்து ஒரு வீட்டிலே வாழ்ந்தனர். பின்னரே அது வெளிப்பட்டது. அன்பினாற் செய்த மறைப்பேயாயினும், அக்காலமெல்லாம் இருவரும் தனித்தனியே சுமந்த பாரத்தை என்னென்பது! அவருக்கிருந்த துணை நாட்குறிப்பு ஒன்றே. 1919ஆம் ஆண்டிலே அது நூலாக வெளிவந்தது. அவ்வாண்டிலேயே தமது 30ஆம் வயதில் அவர் இறந்தார்.

அக்காலத்திலில்லாத துணை ஒன்று இக்காலத்தில் உண்டு. 1960ஆம் ஆண்டுகளிலே அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து ஆரன் பெக் என்னும் வைத்தியர், மனச்சோர்வுற்றோர் தம்மைப்பற்றியும் உலகத்தைப்பற்றியும் வருங்காலத்தைப்பற்றியும் தம்மையறியாமலே சில தீர்ப்புக்களை இடைவிடாது சொல்லிக்கொள்ளுகின்றனர் என்று கண்டு, அவற்றை எடுத்து ஆராயும் முறையொன்றை வகுத்தார். இம்முறையிற் செய்வது யாதென ஓருதாரணத்தாற் காட்டுவாம். "இன்று என்னாற் கரும்பலகையில் எழுத முடியவில்லை" என்பது நிகழ்ந்த செய்தி. "ஆதலால் நான் ஒருவருக்கும் பயன்படேன்" என்பது மனம் தானே கூட்டியது. முன்னதை உளவைத்தியர் மறுப்பதில்லை, மறுத்தல் பொய்யாகும். பின்னதையே எடுத்து, அது உண்மைதானா, அதற்குச் சான்று யாது, எதிர்ச்சான்று யாது என்று நோயாளரையே ஆராயச்செய்வர். எழுத இயலாத அன்று வாயாற் சொல்லிக் கற்பித்தது உண்டா? உண்டாயின், அதனைக் கணக்கிலே சேர்க்காமல் விட்டது ஏன்? இவ்வாறு வினாவி, அடுத்த வாரம் செய்துபார்க்கச் சிறுசிறு செயல்களையுங் குறித்துக் கொடுப்பர். களைப்புக்கும் இம்முறை உதவும். நன்றாயிருக்கும் நாளிலே எல்லா வேலையையும் செய்து முடித்து, மறுநாள் எழமாட்டாது கிடத்தலை விட்டு, வேலையையும் ஓய்வையும் பங்கிட்டு நடத்தப் பழக்குவர்.

இதன் பயனை ஆராய்ந்தோர் உளர். 2005ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க ஆராய்ச்சியொன்றிலே, மனச்சோர்வுற்ற 127 பலதழும்பு நோயாளருக்கு 16 வாரந் தொலைபேசி வாயிலாகவே வைத்தியஞ் செய்யப்பட்டது. ஒரு பகுதியார்க்கு மேலே கூறிய முறை. மற்றைப் பகுதியார்க்கு, தம் துக்கத்தை வெளிப்படுத்த இடங்கொடுத்துப் பரிவோடு கேட்கும் முறை. இரு பகுதியாருந் தேறினர். முதற் பகுதியார் மிகுதியாகத் தேறினர். ஆயினும் ஒரு வருடங் கழித்துப் பார்த்தபோது, பெற்ற பயன் நிலைத்திருக்க, இரு பகுதியார்க்கும் இடையிலிருந்த வேறுபாடு காணப்படவில்லை. முறையாகக் கேட்டலும் வீண்போகவில்லை என்று இதனால் நாம் கொள்ளலாம். 2008ஆம் ஆண்டிலே, நியூசிலாந்திற் களைப்புற்ற 72 நோயாளரிடத்து, வாரம் ஒருமுறையாக 8 முறை இம்முறையையும், உடலையும் உள்ளத்தையும் தளர்த்தி ஓய்வுறுத்தும் பயிற்சியையும் ஒப்பிட்டனர். அங்கேயும் இரண்டும் பயன்பட, இம்முறையே மிகுதியும் பயன்பட்டது. இவைபோல்வன 16 ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2006ஆம் ஆண்டில் நோக்கியோர், முடிந்த முடிபு கூறுதற்கில்லை எனினும், மனச்சோர்வு தணிதற்கும் நோயோடு இசைந்து வாழ்தற்கும் இம்முறை உதவும் என்பதற்குத் தக்க சான்றுண்டு என்றனர். மிகைபடக் கூறாத இக்கூற்றை நாம் பெரிதும் மதிக்கின்றோம். தழும்பை இது மாற்றுமென்று ஒருவருஞ் சொல்லவில்லை.

இனி நம் வினாவுக்கு வருவாம். பிராரத்தவினை அநுபவித்தே கழியற்பாலதன்றோ, அதற்கு வைத்தியந் தேடுதல் அதனைத் தடுக்க முயலுதலாகாதோ எனின், ஆகாது. என்னை? சுரத்துக்கும் பாம்புக்கடிக்கும் மருந்து தேடுதலை நம் முன்னோர் ஒருகாலும் வினைக்கொள்கைக்கு மாறென்று கொண்டிலர். மணி, மந்திரம், ஔஷதம் என மூன்றையும் ஒருசேர வைத்து எண்ணியவர்கள் அவர்கள். மூக்குக்கண்ணாடி அணிந்த சைவரை வினையை மறுத்தவரென்று எவருஞ் சொல்லார். உடல்நோய்க்கு மருந்து ஆகும், மனநோய்க்கு ஆகாது என்பார், மனத்தை ஆன்மாவென்று மயங்கியவராவர். மயக்கம் அங்கேதான் இருக்கின்றது. நம் சித்தாந்தமோ இதிலே மிகத் தெளிவாக உளது. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்கள் நான்கும் மாயையின் காரியங்கள், சடப்பொருள்கள், 36 தத்துவங்களுள் வைத்து எண்ணப்படுவன. கண் எங்ஙனம் ஆன்மாவுக்கு ஒரு கருவியோ, அங்ஙனமே மனமும் ஒரு கருவி. கண் புறக்கருவி, மனம் அகக்கருவி, வேறுபாடு அவ்வளவே. கண்ணிலே படலம் படர்ந்தால் அஃது ஆன்மாவுக்கு இழிவன்று; மனத்திலே சோர்வு படர்ந்தாலும் அஃது ஆன்மாவுக்கு இழிவன்று. மூளைத் தழும்பினாலே மனஞ் சோரும் என்று இக்காலத்து வைத்தியர் சொல்லுவதைக் கேட்டு, ஆன்மா இல்லையென்பார்க்கு ஆதாரம் கிடைத்துவிட்டதென நம்மவர் சிலர் அஞ்சுகின்றனர். அஞ்சவேண்டுவது யாதுமில்லை. மனம் சடக்கருவி என்று முன்னமே படித்த நமக்கு, கருவி பழுதுபடும் என்பது புதுமையா?

அற்றேல், சிவத்தியானமும் திருமுறையும் இருக்க மனோவைத்தியம் எதற்கெனின், கூறுவாம். தியானமும் அந்தக்கரணங்களின் வாயிலாகவே நிகழற்பாலது. கால் முறிந்தவனைப் பிரதக்ஷிணஞ் செய்யென்று எவரும் ஏவுவதில்லை. மனஞ் சோர்ந்தவரைத் தியானத்தாலே தேறுகவென்று ஏவி, அவர் இயலாது மீண்டபோது, "உனக்குப் பத்தி போதாது" என்றால், நோயின்மேற் பழியையும் ஏற்றியவராவோம். ஓதக்கூடியவர் ஓதுக, அதனால் ஆறுதல் பெறுவோர் பலரை நாமும் அறிவோம். ஓதுதலை வைத்தியத்துக்குப் போகாதிருத்தற்குக் காரணமாக்குதலையே மறுக்கின்றோம். மற்றொரு புறத்தையுஞ் சொல்லவேண்டும். பிறவிநோயை நீக்குவது குருவருளும் திருவருளுமேயன்றி மனோவைத்தியமன்று. நோயாளருடைய தெய்வநம்பிக்கையை ஏளனஞ்செய்யும் உளவைத்தியர், தம் தொழிலின் எல்லையை அறியாதவர். அத்தகையாரை விட்டு வேறொருவரை நாடுதல் தகும்.

வினையென்று சொல்லிவிட்டு வாளாவிருத்தல் நம் சமயகுரவர் வழியா என்பதையும் நோக்குவோம். திருஞானசம்பந்த மூர்த்தி நாயனார் கொடிமாடச் செங்குன்றூரிலே எழுந்தருளியிருந்தபோது அடியார்களைக் குளிர்சுரம் பற்றியது. அந்நாட்டுக்கு அஃது இயல்பு என்று கூறப்பட்டபோது, இயல்பென்று விட்டாரல்லர். திருநீலகண்டப் பதிகம் பாடியருளினார். இத்துன்பம் அச்செயலின் பயன் என்று சொல்லி, உய்யும் வழியை நாடாதிருத்தல் குறையன்றோ என்று கேட்டே அப்பதிகந் தொடங்குகின்றது. நாம் எத்தனைமுறை பிள்ளைகளுக்கு அதனை மனனஞ் செய்வித்திருக்கின்றோம்! அங்கே காட்டிய மருந்து இறைவன் திருவடியேயன்றி வைத்தியரன்றே எனின், உண்மை. ஆயினும் அங்கே கடியப்பட்ட மனப்பான்மை, நாம் அவ்வம்மையாரிடங் காட்டிய மனப்பான்மையே.

சுந்தரமூர்த்தி நாயனாருடைய சரித்திரமோ இன்னும் அணுக்கமாக வருகின்றது. திருவொற்றியூரிலே செய்த சபதந் தவறியதனாற் கண்ணிழந்தார். எதனால் வந்தது இத்துன்பமென்பதில் அவருக்கும் ஐயமில்லை, நமக்கும் ஐயமில்லை. அங்ஙனம் காரணந் தெளிவாகத் தெரிந்த இடத்தும், "வந்தது தகும்" என்று அவர் அமைந்திருந்தாரா? திருவெண்பாக்கத்திலே ஊன்றுகோல் பெற்று, காஞ்சியிலே ஒரு கண் பெற்று, திருவாரூரிலே மற்றைக் கண் பெறுமளவும் கேட்டுக்கொண்டே சென்றார். கேட்டது மாத்திரமன்று, இறைவனை நேர்நின்று கடிந்தும் பாடினார். அப்பதிகங்களைத் திருமுறையினின்று ஒருவரும் நீக்கவில்லை. நோயுற்றவர் நம்முன் அழுது, "ஏன் எனக்கு?" என்று கேட்டவுடன், அது சமயத்துக்கு ஆகாதென்று வாயை அடைக்கின்ற நாம், எந்த மரபைக் காக்கின்றோம் என்பது விளங்கவில்லை.

இன்னும் ஒன்று. ஒருவருக்கு வந்த நோய் அவருடைய பிராரத்தமாகலாம். அவ்விடத்திலே நின்று நாம் சொல்லுஞ் சொல்லும் செய்யுஞ் செயலும் நம்முடைய ஆகாமியமாகும். வினையை உள்ளபடி நம்புகிறவர்க்கு அச்சம் வரவேண்டுவது இந்த இடத்திலேயே. "நான் செய்த வினை" என்று நோயாளர் தாமே சொல்லிப் பொறுமை பெறுவாராயின், அது அவருக்குத் துணை. அதே சொல்லை அயலார் சொல்லும்போது தீர்ப்பாகிவிடுகின்றது. தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் நமக்கு எந்த ஆகமத்தாலே தரப்பட்டது?

வித்தியாசாலைகளில் நாம் செய்யத்தக்கவை மிக எளியன. இத்தகைய ஆசிரியர் ஒருவர் இருப்பாராயின், அவருடைய பாடங்களைக் காலைவேளைக்கு மாற்றலாம். மேன்மாடியிலுள்ள வகுப்பைக் கீழே கொண்டுவரலாம். காற்றோட்டமுள்ள அறையை அவருக்கு ஒதுக்கலாம். உட்கார்ந்து கற்பித்தலைக் குறைவாக எண்ணாதிருக்கலாம். நம் பெரிய அரசாங்க வைத்தியசாலைகளில் உளவைத்தியப் பிரிவுகள் உள்ளன. அங்கே போகிறவரைப் பைத்தியமென்று பேசும் வழக்கத்தை ஆசிரியரறையிலேயே முதலில் நிறுத்தவேண்டும். ஆசிரியரறையிற் பேசப்படுவது அன்று மாலையிலேயே ஊரெங்கும் பேசப்படும் என்பது யாவரும் அறிந்ததே.

அவ்வம்மையாரிடம் சில வாரங்களின்பின் நாம் மீண்டுஞ் சென்றோம். முன்னர்ச் சொன்னதற்கு மன்னிக்கும்படி கேட்டு, அவர் வினாவியதற்கு விடையாக, போவது குற்றமாகாது என்றும், அதற்குரிய காரணங்களையும் மேலே எழுதியவாறு கூறத் தொடங்கினோம். அவர் நம்மை இடைமறித்து, "போன கிழமையே ஒருமுறை போய்வந்துவிட்டேன், ஐயா" என்றார். பின்னர், தவணை தொடங்கும்போது மூன்றாம் வகுப்பைத் தமக்குத் தரும்படி தலைமையாசிரியரிடம் ஒரு சொற் சொல்லமுடியுமா என்று கேட்டார். அவ்வகுப்பு வாயிலுக்கு அண்மையில் உள்ளது, படியில்லை. சொல்லுகிறோம் என்று வந்தோம்.